சந்திரம்மாளின் பதினோரு வருடங்கள்

கூலிம், கெடா, மலேசியா
3 செப்டம்பர் 2025

அடி அண்ணாமலை இருசப்பன் வீட்டாருக்கு,

வணக்கம். என் பெயர் அமுதவல்லி. கூலிம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. கதவு எண்ணோ தெருப் பெயரோ என்னிடம் இல்லை. 1928-இல் உங்கள் ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் ஓரத்தில் இருந்த விலாசத்தை நம்பி எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் இருசப்பன் என்பவருக்கு அவர் மனைவி சந்திரம்மாள் யாரையோ பிடித்து எழுதச் சொன்னது. "பிள்ளை நடக்கிறான், நீங்கள் எப்போது வருவீர்கள்" என்று இரண்டே வரி. இருசப்பன் என் அம்மாவின் அப்பா. 1926-இல் ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1930-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் பாட்டி காசியம்மாளுக்குத் தாலி கட்டினார். ஊரில் மனைவியும் பிள்ளையும் இருப்பது தெரிந்துதான் பாட்டி கழுத்தை நீட்டினார். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான்.

இப்போது தோட்டம் இல்லை. பால்மரங்களை வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றுதான். அதையும் வருடக் கடைசியில் மூடுகிறார்கள். அதற்குள் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் வரலாற்றை ஒரு கண்காட்சியாக வைக்கிறோம், நவம்பர் 16-ஆம் தேதி. ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் வந்தவருக்கு ஒரு பலகை. பெயர், ஊர், கப்பலேறிய வருடம், இறந்த வருடம். தாத்தா அக்டோபர் 1933-இல் மலேரியா காய்ச்சலில் இறந்ததாகத் தோட்டத்து மரணப் பதிவேட்டில் இருக்கிறது. அதன் நகல் கிடைத்துவிட்டது.

சந்திரம்மாள் எப்போது இறந்தார்? படம் ஏதும் உண்டா? நடக்கத் தொடங்கிய அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? அவர்கள் பெயரும் பலகையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
அமுதவல்லி


அடி அண்ணாமலை
24 செப்டம்பர் 2025

அமுதவல்லி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கிரிவலப் பாதையில் நாலு வீட்டில் விசாரித்து ஐந்தாவதாக எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாலு வீட்டுக்கும் இப்போது எங்களுக்கு மலேசியாவிலிருந்து கடிதம் வந்தது தெரியும். நீங்கள் எங்களுக்குச் செய்த முதல் உபகாரம் இது.

நான் அருணாதேவி. இருசப்பனின் பேரன் ராஜேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை என் மாமனார் பலராமன். அவரும் போய்விட்டார். சந்திரம்மாள் 1944-இல் அம்மை போட்டு இறந்தவர். படம் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரைப் படம் எடுத்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பலகையில் 1933 என்று எழுதாதீர்கள். தாத்தா இறந்த வருடம் தெரியவில்லை என்று போட்டுவிடுங்கள். பதிவேட்டு நகலையும் மாட்டாதீர்கள். சந்திரம்மாள் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி. அவர் பொட்டும் பூவுமாகப் போனவர் என்றுதான் எழுபத்தெட்டு வருடமாகக் கும்பிடுகிறோம். உங்கள் கணக்குப்படி பார்த்தால் சாவதற்கு முன் பதினோரு வருடம் அவர் தாலியறுத்தவர். இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரியாது.

உங்கள் பாட்டியைத் தாத்தா சேர்த்துக்கொண்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடல் தாண்டினால் ஆண்களுக்கு ஊர் மறந்துபோகும் போலிருக்கிறது.

கடித உறையில் போன் நம்பர் எழுதியிருந்தீர்கள். போனில் எதுவும் அனுப்ப வேண்டாம். என் மகள் பூஜா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். என் போனில் எது வந்தாலும் முதலில் படிப்பவள் அவள்தான். கடிதம் மட்டும் எழுதுங்கள். தபால்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன், இனி என் கையில்தான் கொடுப்பார்.

அருணாதேவி


கூலிம்
10 அக்டோபர் 2025

திருமதி அருணாதேவிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் பாட்டியைப் பற்றிய வரியில் நின்றுவிட்டேன். காசியம்மாளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கோயிலில், பூசாரியும் கங்காணியும் முன்னால் நிற்க, மஞ்சள் கயிற்றில் தாலி கட்டிக்கொண்டவர் அவர். உங்கள் ஊரில் சாட்சி இல்லை என்பதற்காக அது கல்யாணம் இல்லாமல் போகாது. இதை ஆசிரியைத் தோரணையில் சொல்வதற்கு மன்னிக்கவும். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வருடத்தை மறைக்கச் சொல்கிறீர்கள். எங்கள் கண்காட்சியில் எழுபத்து மூன்று பேருக்குப் பலகை இருக்கிறது. பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. இருபது பேருக்கு எந்த ஊர் என்றே தெரியாது, "மதராஸ்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். இடுகாடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அந்த மனிதர்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம், என்றைக்குச் செத்தார்கள் என்பது. அந்த ஒன்றையும் என் கையாலேயே அழிக்கச் சொல்கிறீர்கள்.

பூவாடைக்காரி என்றால் யார்? உண்மையாகவே எனக்குத் தெரியாது. மாரியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன் எல்லோரும் எங்களோடு கப்பலேறி வந்தார்கள். இவர் வரவில்லை. ஒரு பழைய வருடத்தால் உங்களுக்கு இன்றைக்கு என்ன கெட்டுவிடும் என்று சொல்லுங்கள். சொன்னால் யோசிக்கிறேன். சொல்லாமல் என்னால் எதையும் மறைக்க முடியாது.

அமுதவல்லி


அடி அண்ணாமலை
27 அக்டோபர் 2025

அமுதவல்லி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதுகிறேன். முறைப்படி பார்த்தால் உங்கள் அம்மா என் வீட்டுக்காரருக்கு அத்தை. நீங்கள் அத்தை மகள், அதாவது அவருக்கு முறைப்பெண். அவர் இருந்து உங்கள் கடிதத்தைப் பார்த்திருந்தால் என்னைச் சீண்டுவதற்கே வாரம் ஒரு கடிதம் போட்டிருப்பார். பாட்டியைப் பற்றி எழுதியது தப்பு. கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் அது தப்பு.

கேட்டீர்களே, சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்தான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. கோயில் கிடையாது, சிலை கிடையாது. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும். பம்பை உடுக்கையோடு கிணற்றுக்குப் போய், செம்பில் தண்ணீர் மொண்டு, அதில் அவளை வரவழைத்து வீட்டுக்குக் கொண்டு வருவோம். புதுப்புடவை, மஞ்சள், வளையல் வைத்துப் படையல் போடுவோம். யாராவது ஒருத்தி மேல் அருள் வந்து "நடத்துங்க" என்று அவள் உத்தரவு கொடுத்தால்தான் கல்யாணம். என் மாமனார் கல்யாணத்தில் ஆரம்பித்து எல்லாக் கல்யாணத்துக்கும் சந்திரம்மாள்தான் வந்திருக்கிறார். மலேசியாவில் புருஷன் இருக்கிறார், சாவு செய்தி வரவில்லை, அதனால் அவர் சுமங்கலி. இதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

பூஜாவுக்குத் தை மாதம் கல்யாணம். ஜனவரி 28. படையல் ஜனவரி 23, வெள்ளிக்கிழமை.

என் நாத்தனார் ராஜம்மாள், என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், டவுனில் இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. வீட்டுக் காரியம் எல்லாம் அவர் சொல்வதுதான். போன வாரம் வந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார், "அருணா, படையல் அன்னிக்கு நீ பின்னாடி சமையல்கட்டுல இரு. செம்பு, புடவை எதையும் தொடாத. நான் பார்த்துக்கறேன்." தாலி இல்லாதவள் தொட்டால் பூவாடைக்காரி வர மாட்டாளாம். என் மகள் கல்யாணம் அக்கா. நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் நானும் அதை நம்புகிறவள். முப்பது வருடம் அந்தச் செம்புக்கு மஞ்சள் பூசியவள் நான். தொட்டால் வராமல் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கே இருக்கிறது.

இந்த நேரத்தில் சந்திரம்மாளே தாலியறுத்தவர் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டினால்? உங்கள் கண்காட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பூஜா எப்படியோ பார்த்திருக்கிறாள். "நம்ம ஊர்ப் பேரு போட்டிருக்காங்கம்மா" என்று காட்டினாள். அடுத்து ராஜம்மாள் அண்ணிக்குத் தெரியும், அப்புறம் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். வீட்டுத் தெய்வம் இல்லாத வீட்டுப் பெண் என்று ஒரு பேச்சு வந்தால் போதும். புருஷன் போனார், படையலில் என் இடம் போனது, சந்திரம்மாளும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம் சொல்லுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். மூன்று வருடம் தாத்தாவோடு வாழ்ந்த உங்கள் பாட்டி, அவர் செத்த செய்தியை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாமே? விலாசம் கையில் இருந்திருக்கிறதே. பதினோரு வருடம் ஒரு பெண்ணை வாசலைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு என்ன சாதித்தார்?

அருணா


கூலிம்
18 நவம்பர் 2025

அன்புள்ள அருணா,

கண்காட்சி நேற்று முன்தினம் நடந்தது. நானூறு பேர் வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பழைய மாணவர்கள் எல்லாம் வாசலிலேயே பசியாறினார்கள். நான் எதையும் சாப்பிடவில்லை.

நீங்கள் கேட்டபடி செய்தேன். காலையில் யாரும் வருவதற்குள் போய், 1933 என்ற எண்ணின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினேன். பதிவேட்டு நகலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். எழுபத்து மூன்று பலகையில் ஒன்றில் மட்டும் தாள். வந்தவர்கள் எல்லோரும் சரியாக அங்கேதான் நின்றார்கள். "டீச்சர், இவர் எப்ப செத்தாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவள் நான். எனக்கு உங்கள் மேல் வருத்தம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் மேலே எழுத வராது, அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்வி. பாட்டி ஏன் செய்தி அனுப்பவில்லை என்று என் அம்மா பல முறை கேட்டிருக்கிறார். நானும் ஒரு முறை கேட்டேன், எனக்குப் பதினாறு வயது இருக்கும். தாத்தாவைப் புதைத்து வந்த மறுநாள் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து, "ஊருக்கு எழுதிப் போடவா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணத்தை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "எழுதுனா அங்க அந்தப் பொம்பள தாலிய அறுத்துப் போட்டுருவாங்க. சின்ன வயசு அதுக்கு. இங்க ஒருத்தி அறுத்தது பத்தாதா?"

அவ்வளவுதான் அருணா. பயமோ, வெட்கமோ, சொத்துச் சண்டையோ இல்லை. ஒரு முறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு, தன்னால் கொடுக்க முடிந்த ஒன்றைக் கொடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். உங்கள் வீட்டுப் பூவாடைக்காரியை உண்டாக்கியது என் பாட்டிதான் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அமுதவல்லி


அடி அண்ணாமலை
8 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

தீபக் கூட்டம் இப்போதுதான் கலைந்தது. செங்கம் சாலையில் எனக்கு வாடகைக்கு விட மூன்று அறைகள் இருக்கின்றன. இரண்டு வாரமாக எல்லாம் நிரம்பி, துணி துவைத்துக் காயவைக்கவே நேரம் சரியாக இருந்தது. ஒரு அறையில் இத்தாலிக்கார அம்மா ஒருத்தர். தினமும் என்னைப் பார்த்து, இந்த மலையடியில் எவ்வளவு நிம்மதி என்று கை கூப்புவார். பதிலுக்கு நானும் கூப்புவேன். உங்கள் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது.

என்னை எதுவும் ஓரிடத்தில் உட்கார விடவில்லை. அறையைக் கூட்டப் போய்ப் பாதியில் விட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். பாதிப் படிப்பில் பால் பொங்கிவிடுகிறது. பூஜா, "இன்னாம்மா ஆச்சு உனக்கு, நீதான் கல்யாணப் பொண்ணு மாதிரி திரியற" என்கிறாள். பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும், எதற்கும் கை ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் போனபோது எனக்குச் செய்தி வர நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வராண்டாவில்தான் நின்றிருந்தேன். காரியத்தன்று என் பொட்டை அழித்தது ராஜம்மாள் அண்ணி. வளையலை உடைத்ததும் அவர்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நாலு வருடமாக நான் அவரை மன்னிக்கவில்லை, இதை இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

உங்கள் பாட்டி கொடுத்ததை நினைத்தால் முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. சந்திரம்மாளைக் கேட்டார்களா? பதினோரு வருடம் தினமும் பூ வைத்துக்கொண்டு, வராத ஒரு ஆளுக்காக நின்றது நல்லதா? இல்லை, அறுத்துப் போட்டுவிட்டு அழுது முடித்திருந்தால் நல்லதா? ஒரு நாள் ஒரு பதில் சரி என்று படுகிறது, மறுநாள் இன்னொன்று. எனக்கு நாலு நிமிஷத்தில் சொன்னார்களே, அதனால் நான் என்ன நன்றாக இருந்துவிட்டேன்?

தாளை ஒட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. உங்களைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்பது உறுத்துகிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். தாலியறுத்த பிறகு காசியம்மாள் எப்படி இருந்தார்? அவரையும் பின்னால் நிற்க வைத்தார்களா?

அருணா


கூலிம்
22 டிசம்பர் 2025

அன்புள்ள அருணா,

உடனே எழுதுகிறேன், படையலுக்கு முன்னால் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

தாத்தாவைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில் பாட்டி பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்றால் விடியும் முன் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் வேலை இல்லை. இடுப்பில் என் அம்மா, இரண்டு வயதுக் குழந்தை. துக்கம் காக்க வீட்டில் உட்கார வைப்பதற்கு அங்கே வீடும் இல்லை, உட்கார வைக்க ஆளும் இல்லை.

முதல் சில வருடம் கோயிலில் அவரும் ஒதுங்கித்தான் நின்றாராம். பிறகு ஜப்பான்காரன் வந்தான். லயத்து ஆண்களைப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினான். போனவர்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது. அந்த வருடம் மாரியம்மன் திருவிழா வந்தபோது, யார் சுமங்கலி என்று பிரிக்க ஆரம்பித்தால் திருவிழாவே நடக்காது. பூசாரி கரகத்தை யாரிடம் கொடுப்பது என்று முழித்துக்கொண்டு நின்றார். பாட்டி போய் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அவர்தான் எடுத்தார். நானே பார்த்திருக்கிறேன், சின்னப் பிள்ளையாக. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எடுக்க ஆள் இல்லை, அவர் எடுத்தார். அம்மன் வராமல் போனதாக யாரும் சொல்லவில்லை.

இதை எழுதி உங்களை எதற்கும் தூண்டவில்லை. நீங்கள் வாழ்வது அந்த ஊரில், நான் இங்கிருந்து பேசுவது சுலபம்.

பலகைகள் எல்லாம் பிப்ரவரியில் பினாங்கில் ஒரு மண்டபத்துக்குப் போகின்றன. தாத்தாவின் பலகையில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. எடுப்பதா, விடுவதா என்று இந்த முறை நான் முடிவு செய்யப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். எது சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

அமுதவல்லி


அடி அண்ணாமலை
25 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

இது உங்கள் கைக்கு வரும்போது பூஜா கல்யாண நாள் தாண்டியிருக்கும். நடந்ததா, நின்றதா என்பது எனக்கே இன்னும் தெரியாது. பந்தல்காரர்கள் வெளியே கத்திக்கொண்டிருக்கிறார்கள், நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படையலுக்கு முதல் நாள் ராஜம்மாள் அண்ணி வந்தார். புதுப்புடவையை எடுத்துத் தன் மருமகளிடம் கொடுத்துவிட்டு, "நீ பின்னாடி போயிடு, ஞாபகம் இருக்குதுல்ல?" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இடுப்பிலிருந்த உங்கள் கடிதங்களை எடுத்தேன். அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒன்றையும் விடாமல் படித்துக் காட்டினேன். 1933, காசியம்மாள் சொன்னது, கரகம், எல்லாம். அவர் கத்துவார், அழுவார், சாமி போச்சே என்று மாரில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "எனக்குத் தெரியும்டி" என்றார்.

யுத்தம் முடிந்து கப்பலில் திரும்பி வந்த யாரோ ஒருவர் தாத்தா செத்ததை என் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் சந்திரம்மாளுக்கு இரண்டு மூன்று படையல் ஆகிவிட்டது. மாமனார் வாயை மூடிக்கொண்டார். சாகும்போது மூத்த பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வருடமாக அண்ணிக்குத் தெரியும்.

"தெரிஞ்சிக்கினேவா என்னைப் பின்னாடி நிக்க வச்சீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தெரிஞ்சதாலதான்டி" என்றார். "அடியிலயே ஓட்டைன்னு எனக்குத் தெரியும். மேல எதையாவது ஒன்னை லேசா விட்டாக்கூட மொத்தமும் உழுந்துடும்னு பயம். உன் வளையலை ஒடைச்சன்னிக்கு வீட்டுக்குப் போய் மூணு நாள் நான் சோறு துன்னல, அது உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது அக்கா. அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியவில்லை.

மறுநாள் கிணற்றடியில் பம்பைக்காரர் சக்கரவர்த்தி, "செம்பு யாரும்மா எடுக்கறது?" என்று கேட்டார். நான் போய் எடுத்தேன். பங்காளி வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "இன்னா ராஜம்மா, பார்த்துக்கினு நிக்கற?" என்று சத்தமாகவே கேட்டாள். அண்ணி தடுக்கவில்லை. நான் மொண்டேன். பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது.

வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டோம். பம்பை அடிக்கிறார்கள், உடுக்கை அடிக்கிறார்கள், அருள் வரவில்லை. எப்போதும் அண்ணி மேல்தான் வரும். அவர் கை கட்டி நின்றார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. சக்கரவர்த்திக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த இரண்டு பேர் குசுகுசு என்று பேசுகிறார்கள். பூஜா முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தாள். எனக்கு அப்போது வந்த பயத்தை எழுத முடியாது. என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சமையல்கட்டில் நின்றுகொள்ளலாமா என்று கால் இழுத்தது.

பம்பையை நிறுத்தச் சொன்னேன். செம்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமியிடம் பேசுகிற மாதிரி எனக்குப் பேச வரவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல்தான் சொன்னேன். "சந்திரம்மா, உன் வூட்டுக்காரரு மலேயாவுலயே பூட்டாரு. 1933-ல, காய்ச்சல்ல. கூட ஒருத்தி இருந்து பார்த்துக்கினா, அனாதையா சாவல. உனக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. இப்ப நான் சொல்றேன். நானும் உன்ன மாதிரிதான். இருக்கறதுன்னா இரு. எம் பொண்ணுக்கு புதன்கிழமை கல்யாணம்."

விளக்கு அணையவில்லை. செம்பு சாயவில்லை. யார் மேலும் அருளும் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை அக்கா. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, படையல் இலையில் சோறு எடுத்து வைக்க ஆரம்பித்தார். நானும் வைத்தேன். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சம்பந்தி வீட்டு இரண்டு பேரில் ஒருத்தி சாப்பிட்டாள், ஒருத்தி எழுந்து போய்விட்டாள். அண்ணி முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பு ஜாஸ்தி" என்றார்.

எழுந்து போனவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இரண்டு நாளாகப் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். மாப்பிள்ளை மட்டும் பூஜாவிடம் போனில், "எங்கம்மாவும் அப்படித்தான், ஓரமா நிப்பாங்க, எனக்குப் புடிக்காது" என்று சொன்னானாம். அவன் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது.

பலகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாளை எடுத்துவிடுங்கள் அக்கா. சந்திரம்மாளுக்குச் சொல்லியாகிவிட்டது.

அருணா